ஜிடிஏ 5 திக்கித் திணறினால் எதைக் குறைப்பது?

2015 ஏப்ரலில் கணினிக்கு வந்த ஜிடிஏ 5 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5) என்ற வீடியோ கேம் இன்றும் பழைய லேப்டாப்புகளில் ஆடப்படுகிறது. ஆட்டம் திக்கத் தொடங்கியதும் கிராபிக்ஸ் பக்கத்தைத் திறந்து, கண்ணில் பட்ட செட்டிங்குகளையெல்லாம் 'நார்மல்' ஆக்கிவிடுபவர்களே அதிகம். அப்படிச் செய்வதால் ஆட்டம் நடக்கும் லாஸ் சான்டோஸ் நகரம் களையிழப்பது உறுதி. திக்கல் நிற்குமா என்பது சந்தேகம்தான்.

திணறுவது கிராபிக்ஸ் கார்டா, பிராசசரா என்று முதலில் பார்க்க வேண்டும். ரெசல்யூஷனை 1920×1080இலிருந்து 1280×720க்கு இறக்கிவிட்டு, அதே தெருவில் மீண்டும் வண்டி ஓட்டிப் பாருங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் ஏறத்தாழ 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறைந்தும் ஃபிரேம் எண்ணிக்கை (நொடிக்குத் திரையில் வரும் படங்கள்) கூடவில்லை என்றால், சுமை பிராசசரின் தலையில் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் காட்சியில் வரும் நீரின் தரத்தைக் குறைத்துப் பயனில்லை. தெருவில் நடமாடும் மக்களையும் வண்டிகளையும் தீர்மானிக்கும் பாப்புலேஷன் டென்சிட்டியையும், தொலைவில் உள்ளவற்றை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவது என்பதற்கான டிஸ்டன்ஸ் ஸ்கேலிங்கையும்தான் இறக்க வேண்டும்.

கார்டுதான் திணறுகிறது என்றால் முதலில் எம்எஸ்ஏஏவை, அதாவது உருவங்களின் ஓரங்களில் தெரியும் படிக்கட்டு போன்ற பிசிறுகளை மென்மையாக்கும் வசதியை, அணைத்துவிடலாம். அதற்கு மாற்றான எஃப்எக்ஸ்ஏஏ படத்தைச் சற்று மங்கலாக்கினாலும், கார்டுக்குப் பெரிய சுமையைத் தருவதில்லை. அடுத்தது புல். நகரத் தெருக்களில் கிராஸ் குவாலிட்டியை 'அல்ட்ரா'வில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. வடக்கே சிலியாட் மலைப் பக்கம் போய்ப் புதர்களுக்கிடையே நின்றால்தான் ஃபிரேம் எண்ணிக்கை சரிவது தெரியும். ஆகவே நகரத்துக்குள் மட்டும் சோதித்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

சுவர், சாலை போன்ற பரப்புகளின் மேல் ஒட்டப்படும் படமான டெக்ஸ்சரின் தரத்தைப் பலர் காரணமின்றிக் குறைக்கிறார்கள். அது பெரும்பாலும் கார்டின் நினைவகம் சார்ந்த விஷயம். செட்டிங்ஸ் பக்கத்திலேயே தெரியும் வீடியோ மெமரி அளவு எல்லைக்குள் இருக்கும்வரை, அதை உயர்வாக வைப்பதால் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. எல்லை தாண்டினாலோ, தரவு கணினியின் பொது நினைவகத்துக்குப் போய் வரவேண்டியதாகி, திருப்பங்களில் படம் சட்டென்று நின்று நின்று நகரும்.

சராசரி ஃபிரேம் எண்ணிக்கையை மட்டும் நம்பவும் கூடாது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றும் 16.7 மில்லிநொடிக்குள் வரவேண்டும்; சராசரி 50 என்று காட்டினாலும், இடையிடையே ஒரு ஃபிரேம் 80 மில்லிநொடி எடுத்துக்கொண்டால் கண்ணுக்கு உறுத்தத்தான் செய்யும். ஃபிரேம்களைத் திரையின் வேகத்தோடு ஒத்திசைக்கும் விசிங்க் (VSync) செட்டிங்கில் 'ஹாஃப்' என்றொரு தேர்வு இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் அது வேகத்தை 30இல் நிறுத்திவைக்கும். தீவிர ஆட்டக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் 35க்கும் 55க்கும் இடையே அலைபாயும் ஆட்டத்தைவிட நிலையான 30 எனக்கு மேல். தவிர, ஆடத் தொடங்கிச் சிறிது நேரம் கழித்து மட்டும் லேப்டாப் திக்குகிறது என்றால் பெரும்பாலும் சூடுதான் காரணம். சூடேறிய சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஃபிரேம் எண்ணிக்கைக்கு இப்படி வரம்பு கட்டினால் அந்தச் சூடும் தணியும்.