லேவுக்குப் போன சைக்கிளும் அறுந்த ஹவாய் செருப்பும்

போன தடவை சைக்கிளின் சட்டம் (ஃபிரேம்) முழுக்க பபிள் ராப் சுற்றித்தான் விமானத்தில் ஏற்றினேன். லடாக்கிலுள்ள லேவில் பிரித்தபோது பெயின்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஏற்றத்தில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றியதும் செயின் ஸ்போக்கில் போய் மாட்டியது. வழியில் எங்கோ பெட்டி கியர் இருக்கும் பக்கமாக விழுந்திருக்கிறது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பின்பக்கக் கருவிதான் ஆர்.டி. அதைத் தாங்கும் ஹேங்கர், கட்டைவிரல் அளவு அலுமினியத் துண்டு, உள்பக்கமாக வளைந்துவிட்டது. மிச்ச ஏற்றமெல்லாம் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

இந்த முறை பாரிமுனை ரத்தன் பஜாரில் ஒரு கடையில் ஏறினேன். "அண்ணே, கியர் சைக்கிள் வந்த டப்பா காலியா இருக்கா?"

"எடுத்துக்க தம்பி. டீக்கு ஏதாவது குடுத்துட்டுப் போ."

நூறு ரூபாய் கொடுத்தேன். அதே டப்பாவின் அடியில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் கட்டையையும் கேட்டு வாங்கினேன். முன்சக்கரத்தைக் கழற்றியபின் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவே அதைக் கொடுத்தால், மேலே கனம் விழுந்தாலும் கால்கள் எளிதில் நசுங்காது. கடைகளில் இதைக் குப்பையில் போடுகிறார்கள்! சட்டத்துக்கு, ஏசி செப்புக் குழாயில் மாட்டும் கறுப்பு ஃபோம் குழாய். நீளவாக்கில் கீறி மாட்டினால் போதும், பபிள் ராப் தேவையே இல்லை.

பெடலில்தான் பலரும் மல்லுக்கட்டுவார்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ். ஸ்பேனர் மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, எந்தப் பக்கமானாலும் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழன்றுவிடும். ஆர்.டி.யை 5 மி.மீ. அலன் கீயால் கழற்றி, செயினோடு துணியில் சுற்றி, பின்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் உள்பக்கமாகக் கட்டினேன். ஐந்து நிமிட வேலை. போன தடவை சோம்பல்பட்டு விட்டது இதைத்தான்.

ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் பிரேக் என்றால் பேடுகளுக்கு நடுவே கெட்டி அட்டை வைக்கவேண்டும். சக்கரம் இல்லாதபோது லீவர் அழுந்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு கல்யாணப் பத்திரிகையை மடித்து வைத்தேன். சக்கர அச்சு முனை பெட்டியைக் குத்திக் கிழிக்காமலிருக்க, அறுந்துபோன ஹவாய் செருப்பை வெட்டிக் கட்டினேன். மூடியதும் ஆட்டிப் பார்த்தேன். லொடலொடவென்று சத்தம். மறுபடி பிரித்து, உள்ளே ஆடியதையெல்லாம் கேபிள் டையால் இறுக்கினேன்.

குளியலறை எடைமெஷினில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்று, என் எடையைக் கழித்தால் 14.6 கிலோ. எனக்கு அனுமதி 15. ஸ்பேனர் பெட்டிக்குள், பவர் பேங்கும் லைட்டும் கைப்பையில். காற்றடிக்கும் சிஓ2 குப்பி வீட்டிலேயே. டயரில் காற்றைப் பாதி இறக்கியாயிற்று. சைக்கிள் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லி, கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். விமானத்துக்கு விமானம் கணக்கு மாறும்.

டப்பா ஆட்டோவிலும் நுழையவில்லை, கார் டிக்கியிலும் நுழையவில்லை. கடைசியில் மீனம்பாக்கத்துக்குக் குட்டியானை பிடித்தேன். எழுநூறு ரூபாய்! பேக்கிங் செலவு மொத்தமே நானூற்றைம்பதுதான். ஸ்கேனிங்கில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். டேப் கையிலேயே இருந்ததால் பிழைத்தேன்.

லேவில் பிரித்ததும் முதலில் ஹேங்கரைத்தான் பார்த்தேன். நேராக இருந்தது. செருப்புத் துண்டில் மட்டும் அச்சு முனை அரை அங்குலம் பதிந்திருந்தது. அதைத் தூக்கிப் போடாமல், மடித்த டப்பாவோடு சேர்த்துத் தங்கிய அறைக் கட்டிலுக்கடியில் வைத்தேன். திரும்பி வரவும் வேண்டுமே.