புகைக்கு ஏங்குகிறவர்கள்

பொன்மலைப் பணிமனையில் பாய்லர் வேலை பழகிய நான், 1980-களின் நடுவில் ஒப்பந்தப் பணியாளனாக ஜிம்பாப்வேயின் புலவாயோ நகரத்து லோகோ ஷெட்டுக்கு, அதாவது எஞ்சின்களை நிறுத்திப் பராமரிக்கும் கொட்டகைக்கு, போய்ச் சேர்ந்தேன். தமிழகத்தில் நீராவி எஞ்சின்கள் மெல்ல ஒதுக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அங்கேயோ, நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் ‘கேரட்’ (Garratt) என்ற வகையைச் சேர்ந்த பழைய நீராவி எஞ்சின்களைப் பிரித்து, புதுப்பித்து, மறுபடி ஓடவிட்டிருந்தார்கள். அதற்குக் காரணம் பழைமைப் பற்று அல்ல, வெறும் கணக்குதான். கடற்கரையே இல்லாத அந்த நாட்டுக்கு டீசல், அந்நியச் செலாவணி கொடுத்து வெளியிலிருந்து வரவேண்டும். நிலக்கரியோ விக்டோரியா அருவிக்குப் போகும் பாதையிலேயே, ஹ்வாங்கே சுரங்கத்தில், வெட்டக் கிடைத்தது.

கேரட்டை முதன்முதலில் பார்ப்பவருக்கு எது முன், எது பின் என்றே விளங்காது. முன்னே தண்ணீர்த் தொட்டியைச் சுமக்கும் ஒரு சக்கரத் தொகுதி, பின்னே கரியைச் சுமக்கும் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே ஊஞ்சல் பலகைபோலத் தொங்கும் பாய்லர். பாய்லருக்கு அடியில் சக்கரங்கள் இல்லாததால், கரி எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸை ஆழமாகவும் அகலமாகவும் அமைக்க முடிந்தது. எடை பல அச்சுகளில் பரவியதால் 1,067 மி.மீ. பாதையின் இலேசான தண்டவாளங்களும் அதைத் தாங்கின. எங்கள் ஷெட்டில் இருந்தவை மான்செஸ்டரின் பேயர் பீகாக் தொழிற்சாலை வடிவமைத்தவை.

ஓடிவந்த எஞ்சினில், புகைபோக்கிக்கு அடியிலுள்ள ஸ்மோக்பாக்ஸ் என்ற அறையின் கதவைத் திறந்தால், பாதி வெந்த கரித்தூள் உள்ளே குவிந்து கிடக்கும். அந்தக் குவியலின் உயரத்தைப் பார்த்தே கரி போடும் ஃபயர்மேனின் கைப்பக்குவத்தைச் சொல்லிவிடுவோம். கொஞ்சம் கொஞ்சமாக, தணலின் மேல் சீராகப் பரப்பிக் கரி போடத் தெரிந்தவருடைய எஞ்சினில் புகை இலேசாகத்தான் வரும். கரும்புகை என்றால் எரியாமல் வீணாகப் போகும் கரி என்று பொருள்; ஷெட்டில் அதைக் காட்டிப் பெருமைப்பட்டவர் எவருமில்லை.

ஆனால் கேமராவோடு தொலைதூரத்திலிருந்து வந்த ரசிகர்கள் கேட்டதெல்லாம் அந்தக் கரும்புகையைத்தான். “புகை கேட்கிறார்கள், கொடுக்கிறேன், கரிக்கு யார் பணம் கொடுப்பது?” என்று ஒரு முதிய டிரைவர் என்னிடம் சிரித்தபடி கேட்டார்.

நீராவிக்காக உருகுகிறவர்களுக்கு நடுவே, அதைத் திருத்தப் பார்த்தவர்களை நான் அதிகம் மதிக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் டேவிட் வார்டேல் என்ற பொறியாளர், 25என்சி வகையைச் சேர்ந்த 3450 எண் எஞ்சினைக் கேப் டவுனின் சால்ட் ரிவர் பணிமனையில் மாற்றியமைத்து 1981-இல் வெளியே கொண்டுவந்தார். சிவப்பு வண்ணம் பூசிய அந்த எஞ்சினை ‘ரெட் டெவில்’ என்றார்கள். தணலுக்கு அடியிலிருந்து வரும் காற்றைக் குறைத்து, மேலே கூடுதல் காற்றைச் செலுத்தி, கரியை முதலில் வாயுவாக்கிப் பிறகு எரிக்கும் முறை அதில் இருந்தது. அர்ஜென்டினாவின் பொறியாளர் போர்த்தா வகுத்த முறை அது. கரிச் செலவு 28 சதவீதமும் தண்ணீர்ச் செலவு 30 சதவீதமும் குறைந்ததாக அளந்து காட்டினார்கள். ஆயினும் ரயில்வே டீசல், மின்சாரம் என்று அதற்குள் முடிவெடுத்திருந்ததால், அந்த வகையில் இரண்டாவது எஞ்சின் உருவாகவே இல்லை.

என் ஏக்கம் எதன்மேல் என்று கேட்டால், புகையும் விசிலும் எனக்கு இரண்டாம்பட்சம்தான். ஃபயர்பாக்ஸைத் தாங்கும் ஸ்டே போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சுத்தியால் தட்டிக்கொண்டே போவோம். நல்லது கணீரென்று ஒலிக்கும், உடைந்தது மந்தமாக ஒலிக்கும். மீட்டர் கிடையாது, காதுதான். அணைத்த சில மணி நேரத்துக்குப் பின்னும் சூடு அடங்காத பெட்டிக்குள் வியர்வை வழியக் குனிந்து அந்த ஒலியைக் கேட்கும் வேலையை யாரும் விரும்பிச் செய்ததாக நான் சொல்லமாட்டேன். ஆனாலும் பின்னாளில் டீசல் ஷெட்டில் அளவுக்கருவி காட்டிய எண்களைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தபோது, என் கைக்கும் காதுக்கும் வேலை குறைந்துவிட்டதை உணர்ந்தேன்.

இன்று தென்னாப்பிரிக்காவில் மிச்சமிருக்கும் எஞ்சின்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளின் பணத்தில்தான் ஓடுகின்றன. பாய்லர் சோதனைக்கும் புதிய டியூப்களுக்கும் ஆகும் செலவை நினைத்தால், அவர்கள் கேட்கும் கரும்புகையை நானே கரி அள்ளிப்போட்டுக் கொடுத்துவிடுவேன்.