முதலில் கிளாஸ், அப்புறம் படகு

"ரிமோட் படகுப் பந்தயத்துக்கு எந்த போட் வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் போகப்போகிற ஏரியில் என்ன கிளாஸ், அதாவது எந்தப் பந்தயப் பிரிவு, ஓடுகிறது? பாதிப் பேருக்கு இது எரிச்சலாக இருக்கும். அவர்கள் ஏற்கெனவே ஒரு படகைப் பார்த்து மனசுக்குள் வாங்கி முடித்திருப்பார்கள், என்னிடம் வருவது சும்மா தலையாட்டச் சொல்லத்தான்.

நானும் அப்படித்தான் மாட்டினேன். முதல் படகு 75 செ.மீ. கேட்டமரான், அதாவது இரட்டை உடல் படகு, ஆறு செல் லிப்போ பேட்டரி. நேராக விட்டால் அம்பு மாதிரி போகும், வளைக்கப் போனால்தான் கதை. அதைத் தூக்கிக்கொண்டு பந்தயம் நடக்கிற இடத்துக்குப் போனேன். அங்கே எட்டுப் பேர், எல்லாரும் நான்கு செல் மோனோ, அதாவது ஒற்றை உடல் படகு. நடத்துகிற பெரியவர் என் படகைக் கையில் வாங்கி, கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல படகுதான் தம்பி, ஆனா இத யார்கூட ஓட்டுவீங்க?" என்றார். அன்று காலை முழுக்க நான் கரையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சுற்று எண்ணிக் கொடுத்தேன். அந்தக் கேட்டமரானை விற்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

கிளாஸ் என்பது ஒரு வேலி. எதைச் சுற்றி வேலி போடுகிறார்கள் என்பதுதான் ஒன்றுக்கொன்று மாறும். மின்சாரப் படகில் அமெரிக்காவின் மாதிரிப் படகுச் சங்கங்களான நாம்பா, இம்ப்பா இரண்டும் பெரும்பாலும் பேட்டரி செல்லை எண்ணிப் பிரிக்கின்றன. பி (P) கிளாஸ் என்றால் நான்கு செல். ஐரோப்பாவில் 1959இல் தொடங்கிய நாவிகா அமைப்பு வேறு வழியில் யோசிக்கிறது. மோனோ, ஹைட்ரோ, ஈகோ என்று பெயர் வைத்த அதன் பிரிவுகளில் பேட்டரியின் எடைக்குத்தான் வரம்பு, ஓட்டம் ஆறு நிமிஷம். கேட்க எளிதாக இருக்கும், ஓட்டிப் பார்த்தால்தான் குசும்பு தெரியும். அந்த ஆறு நிமிஷத்துக்கும் சேர்த்துத்தான் உங்களிடம் மின்சாரம் இருக்கிறது, முதல் இரண்டு நிமிஷம் எல்லாரையும் தாண்டிப் பறந்தவன் ஐந்தாவது நிமிஷம் நடுத் தண்ணீரில் வாத்து மாதிரி மிதப்பான். ஒரு முறை புரொப்பெல்லரை இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக்கிவிட்டு அந்த வாத்தாக நானே மிதந்திருக்கிறேன். மீட்புப் படகு வந்து இழுத்துப் போகிற வரை ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அது தனி அனுபவம்.

செல் எண்ணிக்கை முடிவானால் மோட்டாரும் கிட்டத்தட்ட முடிவாகிவிடும். நான்கு செல் என்றால் 14.8 வோல்ட், 2000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு) மோட்டார் போட்டால் சுமையில்லாமல் நிமிஷத்துக்கு 29,600 சுற்று. இரண்டு செல் குட்டிப் படகில் 7.4 வோல்ட்தான், அதே சுற்றுக்கு 4000 கேவி வேண்டும். சுற்று ஒன்றாகத் தெரிந்தாலும் பெரிய படகின் புரொப்பெல்லரும் பெரியது, அதைச் சுழற்ற மோட்டார் மூச்சு வாங்கும். அதனால்தான் பெரிய படகுக்குக் கேவி குறைந்த, உடம்பு பெரிய மோட்டாராகப் பார்த்துப் போடச் சொல்கிறார்கள். வேகம் வேண்டும் என்று கேவியை ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஈஎஸ்சி கருகிய வாசனைதான் வரும்.

அடிப்பகுதியின் வடிவத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. முதல் படகு மோனோவாக இருக்கட்டும், ஆழமான வி வடிவ அடி. அலை இருந்தாலும் வெட்டிக்கொண்டு போகும், கவிழ்ந்தாலும் பல மாடல்களில் பக்கவாட்டில் தண்ணீர் புகும் அறை இருப்பதால் தானாகவே நிமிரும். கேட்டமரான் வேகமானது, ஆனால் இரண்டு உடலுக்கு நடுவே புகுந்த காற்று எதிர்க்காற்றோடு சேர்ந்தால் மூக்கு தூக்கி மல்லாக்க விழும், விழுந்தால் அப்படியே கிடக்கும். ரிக்கர் இருக்கிறதே, நடு உடலிலிருந்து கைகள் நீட்டி மிதவைகள் வைத்த படகு, அது வேறு ஜாதி. கண்ணாடி மாதிரித் தண்ணீர் வேண்டும், கூடவே பொறுமையும். ஓவல் பாதையில் வலப்பக்கமாகச் சுற்றுவதற்கென்றே அதன் திருப்பு ஃபின், அதாவது திரும்பும்போது தண்ணீரைப் பிடிக்கிற தகடு, வலப்பக்கத்தில் இருக்கும். பதற்றத்தில் இடப்பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்பதை ஒரு தடவை பார்த்தால் போதும். எஃப்எஸ்ஆர்-வி மாதிரியான எஞ்சின் பந்தயங்களில் பாதை எம் எழுத்து வடிவம், இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும், அங்கே எல்லாரும் வி அடிப் படகோடு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். எஞ்சின் படகுகளை 3.5 சிசி, 7.5 சிசி, 15 சிசி என்று பிரிப்பார்கள். சத்தத்துக்காகவே பல ஏரிகளில் விட மாட்டார்கள், முதலில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, என் மனசு இருக்கிற இடத்துக்கு வருகிறேன். பாய்மரம்.

இங்கே அளவுதான் எல்லாம். நீரில் படிகிற நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் படகின் இயல்பான வேக எல்லை நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வரும். ஒரு மீட்டர் படகுக்கு இது மணிக்கு சுமார் 4.5 கிலோமீட்டர், 65 செ.மீ. படகுக்கு 3.6. பின்காற்றில் வழுக்கிக்கொண்டு இதைத் தாண்டும், ஆனால் பந்தயத்தின் பெரும்பகுதி இந்தக் கூரைக்குக் கீழேதான் நடக்கும். வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லையே என்று தோன்றலாம். நிஜமான வித்தியாசம் காற்று ஏறும்போது தெரியும், ஏனென்றால் படகைச் சிறிதாக்கலாம், காற்றைச் சிறிதாக்க முடியாது. நீளத்தை இரண்டு மடங்காக்கினால் பாயின் பரப்பு நான்கு மடங்கு, எடை எட்டு மடங்கு. சாய்க்கிற திருப்புவிசை (விசையை அது செயல்படுகிற தூரத்தால் பெருக்கியது) எட்டு மடங்காகும்போது நிமிர்த்துகிற திருப்புவிசை பதினாறு மடங்காகும். அதனால் பெரிய படகு கம்மென்று போய்க்கொண்டிருக்கிற அதே காற்றில் சின்னப் படகு பாயைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, சுக்கான் பாதி வெளியே வந்து, சொன்ன பேச்சே கேட்காது.

ஐஓஎம் என்கிற ஒரு மீட்டர் கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் அதிகபட்சம் 1000 மி.மீ., எடை குறைந்தது 4 கிலோ, அதில் கீலும் (அடியில் இறங்குகிற தகடு) பல்பும் (அதன் நுனியில் உள்ள எடைக்கட்டி) மட்டுமே 2.2 முதல் 2.5 கிலோ. பாதிக்கு மேல் எடை தண்ணீருக்கு அடியில் தொங்குகிறது! மூன்று ரிக் அனுமதி, அதாவது பாயும் மரமும் சேர்ந்த மூன்று செட், காற்றுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். உடலில் கார்பன் நாருக்கு இடமில்லை, செலவு கட்டுக்குள் இருக்கட்டும் என்றுதான். பக்கத்திலேயே டிஎஃப்95 என்கிற படகை வைத்துப் பாருங்கள், நீளம் ஐந்து செ.மீ.தான் குறைவு, எடையோ சுமார் இரண்டு கிலோ. தூக்கும்போதே கைக்குத் தெரியும். ஆனால் டிஎஃப்95, அதன் 65 செ.மீ. தம்பி டிஎஃப்65 இரண்டுமே தத்தம் கிளாஸுக்குள் ஒரே அச்சில் வந்த படகுகள், எல்லாரிடமும் ஒரே உடல், ஒரே பாய். தோற்றால் படகைக் குறை சொல்ல வழியில்லை. எனக்கு ஆரம்பத்தில் அது பிடிக்கவில்லை, இப்போது அதுதான் பிடித்திருக்கிறது.

கையால் படகு கட்டுகிற ஆசை இருந்தால் ஆர்ஜி65. அர்ஜென்டினாவில் பிறந்த கிளாஸ், 650 மி.மீ. நீளத்துக்குள் உடலை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வடிவமைக்கலாம். பழைமை பிடிக்கும் என்றால் மார்பிள்ஹெட், 1930 வாக்கில் மாசசூசெட்ஸின் மார்பிள்ஹெட் ஊரில் தொடங்கியது, 50 அங்குல நீளம், 800 சதுர அங்குலப் பாய். ரேடியோ வருவதற்கு முன்னால் கரையோரமாக ஓடிப்போய்க் கம்பால் தள்ளித் திருப்பிவிட்ட காலத்துப் படகு, இன்றைக்கும் ஓடுகிறது. அழகு, ஆனால் முதல் படகுக்கு வேண்டாம்.

அப்புறம் யாரும் சொல்லாத சில்லறை விஷயங்கள் இருக்கின்றன. ஐஓஎம்மின் கீல் 42 செ.மீ. வரை கீழே போகலாம், கரையோரம் அரை மீட்டர் ஆழம் இல்லாவிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்க வேண்டும். பாசி இருக்கிற குளத்தில் கீல் தகட்டில் ஒரு இழை சுற்றினாலே போதும், படகு யாரோ பின்னால் இழுத்துப் பிடித்த மாதிரி போகும், உங்களுக்குக் காரணமே புரியாது. முதல் ரிக்கின் மரம் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம், வண்டிக்குள் படுக்குமா என்று டேப் வைத்து அளந்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். நான் அளக்கவில்லை. முதல் நாள் முன்சீட்டைச் சாய்த்து, மரத்தைக் காதோரமாக நீட்டிவைத்து, பிரேக் போடும்போதெல்லாம் அது தோளில் தட்ட ஓட்டிப் போனேன்.

பழைய படகு வாங்குவதில் தப்பே இல்லை, கிளாஸில் நிறையப் பேர் இருந்தால் ஒன்றாவது கைமாறக் காத்திருக்கும். மின்சாரப் படகு என்றால் மூடியைத் திறந்து, மோட்டாரையும் புரொப்பெல்லரையும் இணைக்கிற வளையும் கம்பியான ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட்டை உருவிப் பாருங்கள். கிரீஸ் ஈரமாக இருந்தால் வைத்திருந்தவர் கவனித்திருக்கிறார், துரு தெரிந்தால் மற்றதையும் சந்தேகப்படுங்கள். பாய்ப்படகு என்றால் உள்ளே வெளிச்சம் அடித்து, கீல் நுழைகிற பெட்டியின் ஓரத்தில் தலைமுடி மாதிரி விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு தொட்டியில் பத்து நிமிஷம் மிதக்கவிட்டு, தூக்கிச் சாய்த்துக் காதோடு வைத்து ஆட்டுங்கள். தளும்புகிற சத்தம் கேட்டால் விலை பேச உங்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.