புரட்டிப் போட்டால் மறுபாதி முகம்

நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு 1917இல் அமெரிக்க வங்கியாளர் ஜே. பியர்பாண்ட் மார்கனின் கொடையாக ஏராளமான பழங்கண்ணாடித் துண்டுகள் வந்து சேர்ந்தன. அந்த அருங்காட்சியகத்தின் எகிப்திய மொசைக் கண்ணாடி வில்லைகளின் படங்களைச் சில நாட்களாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவே உள்ள அவற்றில் கிரேக்க நாடக முகமூடிகள் தெரிகின்றன. செய்யப்பட்ட காலம் ஏறத்தாழ கி.மு. 100க்கும் கி.பி. 100க்கும் இடைப்பட்டது.

அந்த முகங்களை யாரும் தூரிகையால் தீட்டவில்லை. வண்ணக் கண்ணாடிக் கோல்களை, வெட்டுமுகத்தில் கண்ணும் புருவமும் தலைமாலையும் அமையும்படி கட்டாக அடுக்கி, சூடேற்றி ஒன்றாக்கி, இளகிய நிலையில் நீளமாக இழுத்தால், கட்டு மெலிய மெலிய உருவமும் குலையாமல் சிறுக்கும். ஆறியபின் குறுக்கே நறுக்கினால், வெண்டைக்காயின் ஒவ்வொரு வில்லையிலும் அதே அறைகள் தெரிவதுபோல, அதே முகம் வந்துகொண்டே இருக்கும். பல கோல்களில் பாதி முகம் மட்டுமே இருப்பதுதான் என்னை அசரவைத்தது. உருவம் கனம் முழுவதும் ஊடுருவி நிற்பதால், ஒரு வில்லையைப் புரட்டிப் போட்டாலே மறுபாதி கிடைத்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துவைத்தால், நெற்றி முதல் முகவாய்வரை மெல்லிய இணைப்புக்கோடு ஓடும் முழு முகம். உழைப்பு பாதியாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் ஒரு புருவம் கோணினால் மற்றதும் அதே அளவுக்குக் கோணும். எனக்கென்னவோ அந்தக் கோணலான முகங்களே அதிகம் பிடித்திருக்கின்றன.

நான் இவற்றைத் தேடிப் போனது 'காப்டிக்' என்ற சொல்லை வைத்துத்தான். எகிப்தில் கிடைத்த பிற்காலப் பொருட்களுக்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டுவது பழைய வழக்கம். எகிப்தியர் என்பதற்கான கிரேக்கச் சொல் அரபியின் வழியே திரிந்து வந்தது அது; அந்தப் பொருளில் தவறில்லை. எகிப்தியக் கிறித்தவர் என்று இன்று நாம் கொள்ளும் பொருளில் இந்த முகமூடிகளுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

ஆயினும் ஓரிடத்தில் இரண்டும் சந்திக்கின்றன. அக்காலக் கண்ணாடியில் மணலை உருகவைக்கச் சேர்த்தது நேட்ரான் என்னும் உவர்க்காரம். அது பெரிதும் கிடைத்த இடம் எகிப்தின் வாடி நத்ரூன் பள்ளத்தாக்கிலுள்ள ஏரிகள். 4ஆம் நூற்றாண்டில் காப்டிக் துறவிகள் போய்க் குடியேறியதும் அதே உவர்நிலத்தில்தான். அவர்களுடைய மடங்களில் நான்கு இன்றும் அங்கே இயங்கிவருகின்றன.