ரேன்சம்வேர் பூட்டிய கணினியும் அம்மாவின் வீடியோவும்

வீடியோ எடிட் செய்ய ஒரு மென்பொருள் தேவைப்பட்டது, கிராக் செய்த (உரிமப் பூட்டை உடைத்த திருட்டு) பதிப்பை எங்கிருந்தோ இறக்கி நிறுவினேன், விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் எச்சரித்தபோது அதையும் அணைத்தேன். சிறிது நேரத்தில் விண்டோஸ் அப்டேட் போல ஒரு திரை வந்தது. நிஜமான அப்டேட் என்று நம்பி, முடியட்டும் என்று காத்திருந்தேன். அந்த நேரத்தில்தான் பின்னால் ஒரு நிரல் ஒவ்வொரு ஃபைலாகப் பூட்டிக்கொண்டிருந்தது. திரை மறைந்த பிறகு பார்த்தால், எல்லாப் புகைப்படத்தின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கு எழுத்து ஒட்டியிருந்தது, ஃபோல்டருக்கு ஃபோல்டர் 'ரீட்மீ' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490 போதும் என்று எழுதியிருந்தது.

உடனே வைஃபையைத் துண்டித்து கணினியை அணைத்தேன். பிறகு தெரிந்தவர்களிடம் கேட்டும் தேடிப் படித்தும் இது ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்ற வகை ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரல்) என்று புரிந்தது. 2018 வாக்கிலிருந்து சுற்றிவருகிறது, பெரும்பாலும் கிராக் மென்பொருள் வழியாகத்தான் வீட்டுக் கணினிகளுக்குள் வருகிறது. பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு: இது பல நேரம் கூடவே பாஸ்வேர்ட் திருடும் நிரலையும் இறக்கிவிடுகிறது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட், குக்கி எல்லாம் போயிருக்கலாம். அதனால் ஃபைலைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் போனில் உட்கார்ந்து முதலில் மின்னஞ்சல், அப்புறம் வங்கி, அப்புறம் மற்றவை என்று எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினேன், எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாகவுட் செய்தேன், இரண்டு படி சரிபார்ப்பையும் போட்டேன். இதற்கே ஒரு மாலை முழுக்கப் போனது.

அடுத்து, பூட்டப்பட்ட ஃபைல்களை அழிக்காமல் காப்பாற்றி வைக்க வேண்டும். விண்டோஸைத் திறந்தால் அந்த நிரல் மறுபடியும் ஓடும் (குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் தன்னைப் பதிந்துவைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, புதிதாக வரும் ஃபைலையும் பூட்டிவிடும்). எனவே நண்பர் ஒருவரின் கணினியில் உபுண்டு (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளம்) பென்டிரைவ் ஒன்று தயார் செய்து, அதிலிருந்து என் கணினியைப் பூட் செய்து, பூட்டப்பட்ட எல்லாவற்றையும் 'ரீட்மீ' ஃபைலோடு சேர்த்து ஒரு வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். பிறகு கணினி டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை (பிரிவுகளை) எல்லாம் நீக்கிவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். ஸ்கேன் செய்து சுத்தப்படுத்தினாலே போதும் என்று சிலர் சொன்னார்கள், எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

எம்சிசாஃப்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் இந்த வகைக்கென்று ஓர் இலவச டிகிரிப்டர் (பூட்டைத் திறக்கும் கருவி) வைத்திருக்கிறது. ஆனால் அது எல்லோருக்கும் வேலை செய்யாது. பூட்டும் நேரத்தில் நிரலால் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றால் 'ஆஃப்லைன் கீ' என்ற பொதுச் சாவியைப் பயன்படுத்தும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பலருக்கும் திறக்கலாம். 'ரீட்மீ'யில் உள்ள ஐடி 'டி1' (t1) என்று முடிந்தால் பெரும்பாலும் அதுதான். என் ஐடி அப்படி முடியவில்லை. எனக்கென்று தனியாக உருவாக்கிய ஆன்லைன் சாவி. திறக்க முடியாது என்று டிகிரிப்டர் சொன்னபோது எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் வெளியே நின்றேன். பணம் கொடுக்கலாமா என்று நினைக்காமல் இல்லை. அதில் அம்மா இருந்த கடைசி வருடத்து வீடியோக்கள் இருந்தன.

வழி விட்டது வேறொரு விஷயம். வேகமாக முடிக்க வேண்டும் என்பதற்காக இந்த ரேன்சம்வேர் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டுகிறது. சின்ன டாக்குமெண்ட் என்றால் முழுவதும் போச்சு. 200 எம்பி வீடியோவில் அது தலைப்பகுதி மட்டும்தான், மீதி அப்படியே இருக்கிறது. 'மீடியா ரிப்பேர்' என்ற இலவசக் கருவி, அதே போனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு மீதியை மறுபடி ஓடவைக்கும். மாதிரிக்கு எங்கே போவது? டிராயரில் கிடந்த அந்தப் பழைய போனைச் சார்ஜ் போட்டு, கேமரா அமைப்பு எதையும் மாற்றாமல் சுவரை ஒரு நிமிடம் படம்பிடித்தேன். அதைக் கொடுத்து முதல் வீடியோவை ஓட்டினேன். ஆரம்பத்தில் ஒரு கணம் திரை உடைந்து கட்டம் கட்டமாக வந்தது, அப்புறம் அம்மா கட்டிலில் உட்கார்ந்து "கண்ணா, எடுக்கிறியா?" என்று கேட்டாள்.

அன்றிரவே 41 வீடியோக்களைச் சரிசெய்தேன். புகைப்படங்களில் பாதிக்கு மேல் இன்னும் பூட்டியபடிதான் இருக்கின்றன. அந்த டிஸ்க்கை உறையில் போட்டு, மேலே 'அழிக்காதே' என்று எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன்.