பூஜ்யமும் காலிப் பெட்டியும்

“கையிருப்பில் 0 போட்டுத் தேடினால் கடையில் உள்ள எல்லா மருந்தும் வந்து நிற்கிறது, அக்கா” என்று ஸ்டாக் பார்க்கும் தம்பி மதுரையிலிருந்து போனில் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது.

மொத்த மருந்துக் கடை ஒன்றுக்கு நான் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதிக் கொடுத்த தேடல் அது. மருந்தின் பெயர், நிறுவனம், பேட்ச் எண், காலாவதித் தேதி, கையிருப்பு இத்தனைக்குள் என ஐந்து பெட்டிகள். எதை வேண்டுமானாலும் நிரப்பலாம், விடலாம். 32 விதமாகத் தேட முடியும். தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை வினவல் என்போம்; 32 வினவல்களை யார் எழுதுவது? அதனால் வெற்றுப் பட்டியல் ஒன்றில் தொடங்கி, நிரம்பிய பெட்டிக்கெல்லாம் ஒரு நிபந்தனை சேர்த்து, கடைசியில் ‘அண்ட்’ (AND, ‘மேலும்’) போட்டுக் கோத்திருந்தேன். பட்டியல் காலியாகவே இருந்தால், நிபந்தனைகளைத் தொடங்கி வைக்கும் ‘வேர்’ (WHERE) என்ற சொல்லே வினவலில் வராது; எல்லா மருந்தும் வரும்.

பிழை ஒரே வரியில் இருந்தது. ‘இஃப் கையிருப்பு’ (if, கையிருப்பு இருந்தால்) என்று மட்டும் கேட்டிருக்கிறேன். பைத்தானுக்கு 0, வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத உரை), வெற்றுப் பட்டியல், மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் ‘நன்’ (None) நான்கும் அந்த இடத்தில் ஒன்றுதான்: இல்லை. படிவத்திலிருந்து வரும்போது அந்த 0 ஓர் எழுத்து, அதுவரை தப்பித்திருக்கும். எண்ணாக மாற்றியதும் நிபந்தனை சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வராததுதான் கொடுமை. எந்த மருந்து தீர்ந்துவிட்டது என்று கேட்பவருக்குக் கடையின் முழுப் பட்டியலையும் காட்டியிருக்கிறது.

‘இஸ் நாட் நன்’ (is not None, ‘நன்’ இல்லையென்றால்) என்று திருத்தினேன். காலிப் பெட்டி வெற்றுச் சரமாக வருவதால், உள்ளே நுழையும்போதே அதை ‘நன்’ ஆக்கிவிட்டேன்.

கையோடு மற்ற வரிகளையும் படித்தேன். மதிப்புகளை நான் ஒருபோதும் வினவலுக்குள் ஒட்டுவதில்லை. எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்துக்கு, மதிப்பு வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி வைத்து, மதிப்புகளைத் தனிப் பட்டியலாக அனுப்புவேன். பாதுகாப்புக்கு அதுவே வழி. டாக்டர் ரெட்டீஸ் என்ற மருந்து நிறுவனத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் ஒற்றை மேற்கோள் குறி வரும். ஒட்டியிருந்தால் அங்கேயே வினவல் உடைந்திருக்கும். ஆனால் அட்டவணையின் எந்தப் பத்தியை (column) வைத்து வரிசைப்படுத்துவது என்பதற்குக் கேள்விக்குறி உதவாது. அந்தப் பத்திப் பெயர்களை நானே நிரலுக்குள் ஓர் அகராதியில் (dictionary) எழுதி வைத்து, அதில் இருப்பதை மட்டும் ஏற்கிறேன்.

மறுநாள் காலை தம்பி 0 போட்டுத் தேடினார். ஒன்பது மருந்துகள் வந்தன. இரண்டு இன்சுலின். “இருங்க அக்கா, ஆர்டர் போட்டுவிட்டு வருகிறேன்” என்று போனை வைத்துவிட்டார்.