கப்பலுக்கு முன்னால் காகிதம் போய்ச் சேர வேண்டும்

கோத்தகிரி மார்க்கெட்டில் யாரைப் பார்த்தாலும் கேட்கிறார்கள்: "வீட்டிலேயே உட்கார்ந்து என்னம்மா வேலை பார்க்கிறே?" கன்சல்டன்ட் என்று சொன்னால் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி என்று எடுத்துக்கொள்கிறார்கள். போன ஒப்பந்தம் முடிந்து கொஞ்சம் ஓய்வாக இருப்பதால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

வேறு நாட்டில் தஞ்சமாகவோ தொழிலாளியாகவோ இருப்பவர் ஊர் திரும்பும்போது, அனுப்பும் பக்கத்து அலுவலகங்களும் ஏற்கும் பக்கத்து அலுவலகங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வைப்பது என் வேலை. சர்வதேச அமைப்புகள் சில மாத ஒப்பந்தத்தில் கூப்பிடும். இரண்டு கரையிலும் ஆட்களைப் பார்த்துப் பேசி, யார் எதைச் செய்கிறார்கள், கோப்பு எந்த மேசையில் நிற்கிறது, நடுவில் மனிதர் எங்கே தவறிப்போகிறார் என்று எழுத வேண்டும். அதை வைத்து இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் நடைமுறை ஒன்றைத் தயாரிக்க வேண்டும். போன ஒப்பந்தம் தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து இலங்கைக்குத் திரும்புவோரைப் பற்றியது. கொழும்புக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றுதான் என்பதால் அவர்களோடு காலையிலேயே பேசிவிடலாம். ஜெனீவாக்காரர்கள் மதியத்துக்கு மேல்தான் வருவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தெருவில் கரண்ட் போகும். அப்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு டானிங்டனில் தோழியின் ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவேன்.

2018 டிசம்பரில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் உலக நாடுகள் கூடி இடப்பெயர்வு பற்றிய உலக உடன்படிக்கையை ஏற்றன. அதில் 21ஆவது நோக்கம் என் வேலைக்கு அடிப்படை. திரும்புவது பாதுகாப்பாக நடக்க வேண்டும், மானத்தோடு நடக்க வேண்டும், போன இடத்தில் வேரூன்றி வாழ வழி இருக்க வேண்டும் என்கிறது அது. முதல் இரண்டையும் எல்லோரும் பேசுகிறார்கள். மூன்றாவதுக்கு வரும்போது கூட்டத்தில் நேரம் முடிந்துவிடுகிறது. நான் அந்த மூன்றாவதிலேயே நிற்பதற்குக் காரணம் என் வீட்டில் இருக்கிறது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கு இங்கிருந்து போன இலங்கை மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று, இவர்களை இரு நாடுகளும் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். கணக்கில் எடுத்தது 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒருவரைக்கூட யாரும் கேட்கவில்லை.

என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, இந்தியாவுக்கு என்று விழுந்த பங்கு. கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டை இன்னும் எங்கள் பெட்டியில் இருக்கிறது. தாத்தா, அம்மாயி, மடியில் மாமா, பக்கத்தில் என் அம்மா, எல்லோரும் ஒரே போட்டோவில். இந்தியாவில் என்ன உதவி என்பதும் அதிலேயே எழுதியிருக்கிறது: வியாபாரக் கடன். தேயிலைத் தோட்டத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாத குடும்பத்துக்கு வியாபாரம். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பூர்வீக ஊர் என்று சொல்லப்பட்ட திருச்சிப் பக்கத்துக் கிராமத்துக்குப் போனார்கள். சொந்தம் என்று சொல்ல அங்கே ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை. கடன் பணத்தில் பாதியை வாங்கிக் கொடுத்த தரகரே எடுத்துக்கொண்டார். மிச்சத்தில் போட்ட பெட்டிக்கடை ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. அப்புறம், தெரிந்த வேலை தேயிலைதான், தேயிலை இருப்பது மலையில்தான் என்று கோத்தகிரிக்கு ஏறி வந்தார்கள்.

நீலகிரியில் இந்தக் கதை இல்லாத தெரு கிடையாது. தாயகம் திரும்பியோருக்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். இன்று அது டேன்டீ, தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், சேரம்பாடி, நெல்லியாளம் என்று பல குடும்பங்களுக்கு அது சோறு போட்டது, அதை மறக்கக் கூடாது. ஆனால் அதில் இடம் கிடைத்தவர்களைவிடக் கிடைக்காதவர்கள் அதிகம். அவர்கள் தனியார் தோட்டங்களிலும், சின்ன விவசாயிகளின் கேரட், உருளைக்கிழங்கு வயல்களிலும், கூடலூர்ப் பக்கம் பட்டா இல்லாத ஜென்ம (பழைய ஜமீன் வகை) நிலங்களிலும் ஒதுங்கினார்கள். கொடைக்கானல் மலையில் மரம் வெட்டப் போன குடும்பங்கள் ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமைகளாகச் சிக்கிய கதைகளும் பதிவாகியிருக்கின்றன.

இரண்டு அரசாங்கங்கள் பேசி வைத்து இத்தனை லட்சம் பேரை இடம் மாற்றியது உலகத்திலேயே பெரிய ஏற்பாடுகளில் ஒன்றாகத்தான் இருக்கும். கப்பல் இருந்தது, ரயில் இருந்தது, அட்டை இருந்தது. இறங்கிய பிறகு அந்த மனிதர் எங்கே நிற்பார் என்ற கேள்வி மட்டும் யாருடைய மேசையிலும் இல்லை. என் அம்மா பள்ளிக்கூடத்துக்குச் சாதிச் சான்று கேட்டு அலைந்தபோது, ஓர் அலுவலகத்தில் "நீ சிலோன்காரி, அங்கே போய் வாங்கிக்கிட்டு வா" என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா எட்டாவதோடு நின்றதற்கு அந்த ஒரு தாள்தான் காரணம்.

இது கதையின் பாதி. அம்மாயியின் தங்கை, எங்கள் சின்ன அம்மாயி, இலங்கைக்கு என்று விழுந்த பங்கு. 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய்க் காடு திருத்திக் குடியேறினார்கள். 1990இல் போர் அங்கேயும் வந்ததும் படகேறி மண்டபம் வந்தார்கள். அக்கா இறங்கிய அதே கரைதான். ஆனால் அக்கா இந்தியக் குடிமகள், தங்கை அகதி. இப்போது அந்தக் குடும்பம் பவானிசாகர் முகாமில் இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து அரவேணு, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, சிறுமுகை தாண்டிப் போனால் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேரின் பேரப்பிள்ளைகளில் நான் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு கொழும்பு போய் வருகிறேன். சின்ன அம்மாயியின் பேத்திக்கு இந்தியாவில் பிறந்தும் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை.

1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. குடியுரிமைச் சட்டத்தில் 2003இல் வந்த திருத்தத்தின்படி, ஆவணமில்லாமல் வந்தவரின் பிள்ளை இங்கே பிறந்தாலும் குடிமகன் ஆக முடியாது. 2019இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேரின் வழக்கில், அவர்களுடைய குடியுரிமைக் கோரிக்கையை அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு ஆவணமில்லாமல் தங்கியதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கு கொடுத்தது. நல்ல செய்திதான். ஆனாலும் தண்டனை இல்லை என்பதால் குடியுரிமை வந்துவிடாது.

சரி, ஒருவர் திரும்பிப் போக முடிவெடுத்தால் என்ன நடக்கிறது? ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவன், மனைவி, இங்கே பிறந்த பிள்ளைகள். சென்னையில் உள்ள ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் விண்ணப்பம் கொடுக்கிறார்கள். சொந்த விருப்பத்தில்தான் போகிறார்களா என்று தனியாக உட்கார வைத்துக் கேட்கிறார்கள். பிள்ளைகளின் பிறப்பை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும், பிறகு பயண ஆவணம். இந்தப் பக்கம் மறுவாழ்வுத் துறை, முகாம்களைக் கண்காணிக்கும் காவல்துறையின் கியூ பிரிவு, வெளியேறும் அனுமதி. இதற்குள் பெரிய பையன் பத்தாவது முடித்துவிடுகிறான்.

அந்தக் கோப்பு நின்ற இடம் பெயர். இலங்கைப் பிறப்புச் சான்றில் அப்பாவின் பெயர் முழுதாக முன்னால் வரும். இங்கே பள்ளிச் சான்றில் இனிஷியல் ஒன்றுதான். முகாம் பதிவேட்டில் யாரோ அவசரத்தில் எழுதிய மூன்றாவது வடிவம். மூன்றும் ஒரே மனிதர்தான் என்று சொல்லப் பொறுப்பான அதிகாரி எந்தக் கரையிலும் இல்லை. மலையக வம்சாவளி என்றால் இன்னொரு சுற்று. 2003ஆம் ஆண்டு இலங்கைச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிரந்தரமாக இருந்தவருக்கும் அவர் வழி வந்தவர்களுக்கும் குடியுரிமை தருகிறது. 2009இல் இந்தியாவில் அகதியாக இருப்பவர்களையும் அதில் சேர்த்தார்கள். அருமையான சட்டம். ஆனால் தாத்தா 1964இல் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதற்குச் சான்று வேண்டுமே. தோட்டத்துப் பேர்ச்சீட்டையா படகில் கொண்டுவந்திருப்பார்கள்?

இதெல்லாம் தாண்டிப் போனவர்களுக்கும் நிலம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பத்து வருடம் வேறொருவர் அனுபவித்தால் உரிமை போய்விடும் என்ற பழைய சட்டத்துக்கு விலக்கு கொடுத்து, போரில் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். உறுதி, அதாவது நிலப் பத்திரம், வைத்திருந்தவருக்காக வந்த சட்டம் அது. வவுனியாவில் காடு திருத்தி உட்கார்ந்த என் சின்ன அம்மாயி போன்றவர்களிடம் உறுதியே கிடையாது.

2025 மே மாதம், ஐ.நா. ஆணையத்தின் ஏற்பாட்டில் முறையாகத் திரும்பிய முதியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். பல வருடம் முன்பு அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்பது குற்றச்சாட்டு. போர்க்காலத்தில் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டா படகில் ஏறுவார்கள்? பிறகு விடுவித்தார்கள், ஆனால் அந்தச் செய்தி ஒரே நாளில் எல்லா முகாமுக்கும் போய்விட்டது. போகலாம் என்று பை கட்டியவர்கள் பையை அவிழ்த்தார்கள். ஒரு துறை வரச் சொல்கிறது, இன்னொரு துறை வந்தவரைப் பிடிக்கிறது. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அறிக்கையில் நான் பிடிவாதமாக வைத்த விஷயம் இதுதான்: டிக்கெட் போடுவதற்கு முன்னால் காகிதம் அந்தக் கரைக்குப் போய் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். குடியுரிமை, பிள்ளைகளின் வகுப்பு, பழைய வழக்கு ஏதும் கிடையாது என்ற உறுதி, போய் இறங்கும் கிராம அலுவலர் பிரிவு, எல்லாம் ஒரே தாளில், இரு தரப்புக் கையெழுத்தோடு. அந்தத் தாளில் என்ன இருக்கும், யார் பார்க்கலாம் என்பதைத் திரும்புகிற மனிதரே முடிவு செய்ய வேண்டும். பாதுகாப்புத் துறைக்கு மொத்தப் பட்டியலைத் தூக்கிக் கொடுப்பது ஒருங்கிணைப்பு ஆகாது. முடிவெடுக்கும் முன் குடும்பத்தில் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முகாமுக்குத் திரும்ப அனுமதி வேண்டும் என்றும் எழுதினேன். "போய்ப் பார்ப்பது செலவு" என்றார் ஒருவர். பார்க்காமல் போய்ப் படகில் திரும்பி வந்தால் அது யார் செலவு என்று கேட்டேன்.

சாமான் பிரச்சினையைச் சின்னது என்று ஒதுக்குகிறார்கள். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. விமானத்தில் ஏற்ற முடியாத தையல் மெஷின் அதில் போகலாம். தையல் மெஷின் போனால் முதல் மாதமே வருமானம். இதைவிட நேரடியான மறுவாழ்வுத் திட்டம் எனக்குத் தெரியவில்லை.

அறிக்கையை அனுப்பிய வாரம் பவானிசாகர் போயிருந்தேன். சின்ன அம்மாயியின் மகள் வயிற்றுப் பேத்தி, எனக்குத் தங்கை முறை, நர்சிங் முடித்திருக்கிறாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அக்கா, போறேன்னு சொன்னா ஃபாரம் நீட்ட இத்தனை பேர் இருக்காங்க. போகலை, இங்கேயே இருக்கேன்னு சொன்னா எந்த ஃபாரம்?"

அடுத்த ஒப்பந்தத்தின் வேலைத் திட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பகுதி ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். திரும்ப விரும்பாதவருக்கும் பாதுகாப்பு உண்டு என்பது 21ஆவது நோக்கத்தைப் பேசுகிற யாருக்கும் தெரிந்ததுதான். எழுத்தில் வர வேண்டும், அவ்வளவே. ஒத்துக்கொண்டால்தான் கையெழுத்து என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

இதற்கிடையில் ஓர் உதவி கேட்கிறேன். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் உங்கள் வீட்டில் கண்டிக் குடும்ப அட்டையோ, பழைய இலங்கைப் பிறப்புச் சான்றோ, தோட்டத்துச் சீட்டோ இருந்தால் வெளியே எடுத்துப் பாருங்கள். லேமினேஷன் போடாதீர்கள், பின்பக்கத்து முத்திரையோடு இரு பக்கமும் ஸ்கேன் செய்து வையுங்கள். அட்டையில் தோட்டத்தின் பெயர் இருந்தால், அங்கேயே தங்கிவிட்ட உங்கள் பெரியப்பா, சித்தி வழிக் குடும்பம் முகாமில் இருக்கும்பட்சத்தில், தாத்தா எங்கே இருந்தார் என்று காட்ட அதுவும் ஒரு துணைச் சான்றாகலாம். ஸ்கேன் செய்ய வசதியில்லாதவர்கள் சொன்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் நானே ஸ்கேனரோடு வருகிறேன்.